பாட்டரி வண்டியின் சார்ஜர் வேலை செய்யாவிடில்

கோல்ப் மைதானங்களில் ஆட்டக்காரர்களை ஏற்றிச் செல்வதற்கென்று அமெரிக்காவில் பரவிய சிறு மின்சார வண்டி, இன்று மைதானத்தோடு நின்றுவிடவில்லை. ரயில் நிலையங்களில் முதியோரையும், பெரிய கோயில்களில் நடக்க இயலாதவர்களையும் ஏற்றிச் செல்வது இவ்வினத்து வண்டியே. பண்டகசாலையிலிருந்து நூற்கட்டுகளையும் காய்கறிக் கூடைகளையும் குறுகிய தூரம் கொண்டு செல்வதற்கும் இஃது ஏற்றது. ஆயினும் பழைய வண்டி ஒன்றை வாங்க எண்ணும் சங்கத்தார், அதன் ஓட்டத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன் அதன் சார்ஜரைப் பற்றி அறிந்துகொள்ளுதல் நலம். மாலையில் சார்ஜரைச் செருகிவிட்டுப் போய், காலையில் வந்து பார்த்தால் அது ஒன்றுமே செய்யாதிருந்தது என்பதே இவ்வண்டி வைத்திருப்போர் வழக்கமாகக் கூறும் முறையீடு. உடனே புதிய சார்ஜர் வாங்கப்படுகிறது. புதியதும் அவ்வாறே வாளாவிருக்கும்போதுதான், கோளாறு சார்ஜரில் இல்லை என்பது புலனாகிறது. அதற்குள் பணம் போய்விடுகிறது.

இதன் காரணத்தை உழவர்கள் எளிதில் அறிவார்கள். கிணற்றடிப் பம்பு காற்று வாங்கிவிட்டால், முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால்தான் அது நீர் இறைக்கும். சார்ஜரின் இயல்பும் அத்தகையதே. அதனுள் ஒரு டிரான்ஸ்பார்மர் மின்சாரத்தின் வோல்ட்டைக் குறைக்கிறது. டயோடுகள் அதை ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றுகின்றன. ஆனால் இவ்வேலை தொடங்குவதற்கு ஒரு ரிலே மூடவேண்டும். பழைய சார்ஜர்கள் பலவற்றில் அந்த ரிலேயை மூடுவது வீட்டு மின்சாரமன்று. வண்டியின் பாட்டரிகளில் எஞ்சியுள்ள மின்சாரமே. புதிய மின்னணுச் சார்ஜர்களும் பாட்டரியின் வோல்ட்டை அளந்து பார்த்த பின்னரே தொடங்கும். ஆதலின் பாட்டரிகள் ஓர் எல்லைக்குக் கீழே வற்றிப்போனால், குறையற்ற சார்ஜரும் அசையாது.

எனவே சோதனையைப் பாட்டரியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது நமது துணிபு. ஈயமும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரியைப் பிரான்சு நாட்டவரான பிளான்டே என்பவர் 1859-இல் அமைத்தார். அதன் ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும் என்ற கணக்கு இன்றும் மாறவில்லை. 48 வோல்ட் வண்டி ஒன்றில் 8 வோல்ட் பாட்டரிகள் ஆறு தொடராக இணைக்கப்பட்டிருக்கலாம். 36 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பாட்டரிகள் ஆறு இருக்கும். நன்றாகச் சார்ஜ் ஆகிச் சில மணி நேரம் ஓய்ந்திருந்த 48 வோல்ட் தொகுதி சுமார் 51 வோல்ட் காட்டும். 36 வோல்ட் தொகுதி சுமார் 38 காட்டும். மீட்டரில் 48 என்று கண்டவுடன் நிறைந்துவிட்டது என மகிழ்வோர் உண்டு. உண்மையில் அப்போது பாதிக்கும் குறைவான சக்தியே எஞ்சியிருக்கும்.

மொத்த அளவை மட்டும் பார்த்து நின்றுவிடலாகாது. ஒவ்வொரு பாட்டரியையும் தனித்தனியே அளக்கவேண்டும். ஐந்து பாட்டரிகள் எட்டரை வோல்ட்டை ஒட்டிக் காட்ட, ஒன்று மட்டும் ஆறரைக்குக் கீழே நின்றால், அதன் ஓர் அறை செத்துவிட்டது எனக் கொள்ளலாம். பாவில் ஓரிழை அறுந்தால் அத்துணி முழுவதும் அக்குறையைக் காட்டுவது போல, இவ்வோர் அறை தொகுதி முழுவதையும் கெடுக்கும். நிறைவுக்குரிய வோல்ட் எட்டாமையால் சார்ஜர் நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காது. நல்ல பாட்டரிகள் ஐந்தும் இரவெல்லாம் கொதித்து நீர் வற்றும். "சார்ஜர் நிற்பதே இல்லை" என்ற முறையீட்டின் பின்னே பெரும்பாலும் இதுவே இருக்கும். மூடி திறக்கக்கூடிய பாட்டரியானால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். நிறைந்த அறையின் திராவகம் 1.265-க்கு மேல் காட்டும். ஓர் அறை மற்றவற்றைவிட 0.050 குறைந்திருந்தால் அதன்மேல் ஐயம் கொள்ளவேண்டும்.

பாட்டரிகள் கெடாமல் வெறுமனே வற்றியிருந்தால், முன்னே சொன்ன பம்புக்கு நீர் ஊற்றுவது போன்ற வழி உண்டு. 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டை ஒருசேர 12 வோல்ட் கார் சார்ஜரிலும், 8 வோல்ட் பாட்டரிகள் மூன்றை ஒருசேர 24 வோல்ட் லாரி சார்ஜரிலும் சிறிது நேரம் வைத்து எல்லாவற்றையும் ஏற்றிய பின் வண்டியின் சார்ஜரைச் செருகினால், அது தானே ஏற்றுக்கொள்ளும். இவ்வாறு செய்வதற்குமுன் வண்டியின் முதன்மை வயரைக் கழற்றிவிடுதல் அவசியம். பல மாதங்கள் வற்றியே கிடந்த பாட்டரியில் தகடுகளின் மேல் உப்புப் படிந்து இறுகிவிடும். அதற்கு இவ்வழி பயன்படாது. மழைக்காலத்தில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியையும் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யவேண்டுமென்பது இதனாலேயே.

பாட்டரிகள் சரியாக இருந்தும் சார்ஜர் இயங்காவிடில், காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும். டிரான்ஸ்பார்மர் உள்ள சார்ஜர் செருகியவுடன் 'டக்' என்று ரிலே ஒலித்து, பின் 'உம்' என்று இரையும். இவ்விரண்டும் கேளாவிடில் சுவரிலுள்ள பிளக்கில் வேறு விளக்கொன்றைப் பொருத்திப் பார்க்கவேண்டும். அங்கு மின்சாரம் இருந்தால், வண்டியில் சார்ஜர் செருகும் வாயில் பாட்டரியின் வோல்ட் வருகிறதா என அளக்கவேண்டும். பாட்டரியில் 50 வோல்ட் இருக்க அங்கு ஒன்றுமில்லையெனில், இடையில் வயரோ பியூஸோ அறுந்திருக்கிறது; அல்லது செருகுவாயின் தகடுகள் கருகியிருக்கின்றன. இரைச்சல் கேட்டும் ஆம்பியர் முள் எழவில்லையெனில் வெளிப்புறப் பியூஸ், டயோடு, வயர் இவற்றிலொன்று போயிருக்கும். முள் வழக்கத்தில் பாதிதான் ஏறுகிறதென்றால் இரு டயோடுகளில் ஒன்று அறுந்திருக்கலாம். செருகியவுடன் வீட்டுப் பியூஸ் எரிந்தால் டயோடோ டிரான்ஸ்பார்மரோ குறுக்கே பிடித்துக்கொண்டது எனலாம். 1990-களின் நடுவிலிருந்து வந்த 48 வோல்ட் வண்டிகள் சிலவற்றில் சார்ஜரை ஆளும் சிறு கணினி வண்டிக்குள்ளேயே உண்டு. அத்தகைய வண்டியில் சார்ஜரை மட்டும் கழற்றி ரிப்பேர்க்காரரிடம் தூக்கிச் செல்வது வீண் அலைச்சல்.

வெளிநாட்டுப் பழைய வண்டி வாங்குவோர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்க வீடுகளின் மின்சாரம் 120 வோல்ட், 60 சைக்கிள்; நம் நாட்டில் 230 வோல்ட், 50 சைக்கிள். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை இடையில் வைத்துவிட்டால் போதும் என்று சொல்லி விற்பார்கள். ஆனால் அவ்வகைப் பழைய சார்ஜர்கள் பல, கண்டென்சரின் துணையோடு 60 சைக்கிளுக்கென்றே ஒத்திசைக்கப்பட்டவை. 50 சைக்கிளில் அவை சரியான அளவைத் தரமாட்டா. இதற்கு ரிப்பேர் என்பது இல்லை; நம் நாட்டு மின்சாரத்துக்கேற்ற சார்ஜரை வாங்குவதே வழி. லிதியம் பாட்டரி வண்டியின் சார்ஜரும் ஈயப் பாட்டரி வண்டியின் சார்ஜரும் ஒன்றுக்கொன்று மாற்றத் தகாதவை.

அங்கத்தினர் தாமே பார்க்கக்கூடியது அளப்பதும் கேட்பதும் வரையில்தான். சார்ஜரின் பெட்டியைத் திறத்தல் கூடாது. மேற்சொன்ன கண்டென்சர், செருகியைப் பிடுங்கிய பின்னும் பல நூறு வோல்ட்டைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு எழும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே வெடிக்கும். ஆகவே பீடி, தீக்குச்சி இவற்றோடு அருகே செல்லலாகாது. அறையின் சன்னல்கள் திறந்திருக்கவேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இவற்றைக் கழற்றிவிட்டே பாட்டரியைத் தொடுதல் தகும். சார்ஜரை வண்டியிலிருந்து எடுக்குமுன் சுவர் ஸ்விச்சை நிறுத்திவிட்டால் பொறி பறக்காது. திராவகம் மேலே பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். தரையில் சிந்தியதை ஆப்பசோடா கரைத்த நீரால் துடைக்கலாம். பாட்டரியில் ஊற்றுவது டிஸ்டில்டு தண்ணீராக மட்டுமே இருத்தல் வேண்டும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு முன்னரும், மற்றபடி சார்ஜ் முடிந்த பின்னரும் ஊற்றவேண்டும்.

ஆறு பாட்டரிகளில் ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாமா என்று கேட்கப்படுவதுண்டு. தொகுதி ஓராண்டுக்குள் வாங்கியதானால் மாற்றலாம். நாலைந்து ஆண்டு உழைத்த தொகுதியில் புதிய ஒன்றைச் சேர்த்தால், பழையவற்றின் வேகத்திற்கே அதுவும் இழுக்கப்பட்டு விரைவில் தளரும். அங்குச் சிக்கனம் என்று தோன்றுவது செலவே. எது செய்வதாயினும், ஆறு பாட்டரிகளின் வோல்ட்டையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, அத்தாளுடன் கடைக்குச் செல்லவேண்டும். அதைப் பார்க்காமலே புதிய சார்ஜரை எடுத்து நீட்டும் கடைக்காரரிடம் அன்று ஒன்றும் வாங்காமல் திரும்பிவிடலாம்.