சாட்சிக் கூண்டில் தமிழ்

பினாங்கு லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்கு எதிரே ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனின் நினைவுச்சின்னம் நிற்கிறது. வெள்ளையர் அல்லாதவர்களின் உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர், 1869-இல் இறந்தார். அவர் வாதாடியது ஆங்கிலத்தில். அவர் யாருக்காக வாதாடினாரோ அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாதம் புரிந்திருக்காது.

1807-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் தந்த சாசனம் ஆங்கிலச் சட்டத்தைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது. அதன்படி அமைந்த நீதிமன்றத்தின் முதல் நீதிபதி சர் எட்மண்ட் ஸ்டான்லி. மக்களின் மதத்துக்கும் வழக்கத்துக்கும் இடம் கொடுத்து நீதி வழங்கச் சொன்னது சாசனம். மொழி விஷயத்தில் அந்தத் தாராளம் துபாஷி என்ற ஒரு மொழிபெயர்ப்பாளரோடு நின்றுபோனது.

துபாஷி வழியாகவே பேச வேண்டியிருந்ததன் கொடுமை தெரிய வேண்டுமானால் அக்கரைக்குப் போக வேண்டும். அன்று வெல்லஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் வந்து சேர்ந்தார்கள். ஒப்பந்த வாசகம் துரையின் சட்டத்துடையது, அடியில் உள்ள கைநாட்டு மட்டும் தமிழனுடையது. தோட்டத்தை விட்டு ஓடினால் வேலையை விட்டதாகக் கணக்கில்லை. அது குற்றம், சிறைக்கு அனுப்பலாம். ஏன் ஓடினான் என்பதை அவன் மாஜிஸ்திரேட்டிடம் நேராகச் சொல்ல முடியாது, நடுவில் ஒருவர் வேண்டும். தோட்டத்திலும் அப்படித்தான், துரைக்கும் ஆளுக்கும் நடுவே கிராணி என்ற எழுத்தரும் கங்காணி என்ற மேற்பார்வையாளரும். தமிழ் கற்ற துரைமாரைப் பற்றி இன்றும் சிலர் பெருமையாகப் பேசுவார்கள். அவர்கள் கற்றது வேலை வாங்கும் தமிழ். குறை கேட்கும் தமிழை யாரும் அவர்களுக்குப் பாடமாக வைக்கவில்லை. ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது.

1957-இல் சுதந்திரம். 1967-இல் தேசிய மொழிச் சட்டம். 1990-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்ற நடவடிக்கைகளும் மலாய்க்கு மாறின. நீதியின் நலனுக்குத் தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கு அனுமதி உண்டு. இன்று வழக்கறிஞர், அரசுத் தரப்பு, சாட்சி மூவருமே தமிழராக இருக்கும் வழக்குகள் உண்டு. பேச்சு மலாயில் நடக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை, நாட்டின் மொழி அது. 2008-இல் தொடங்கி ஜார்ஜ்டவுனின் பழைய பகுதியில் சில தெருப்பலகைகளில் தமிழும் ஏறியது. நல்லதுதான். ஆனால் பலகையால் யாருடைய வழக்கும் தீராது.

மொழி மாறினாலும் மாறாதது, கேள்வி கேட்கும் உரிமை யார் கையில் என்பது. லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஃபேர்க்ளஃப் 1989-இல் மொழியையும் அதிகாரத்தையும் பற்றி எழுதிய நூலில், கொள்ளையைப் பார்த்த ஒருவரைப் போலீஸ் விசாரிக்கும் பேச்சை எடுத்து ஆராய்ந்தார். இருவருக்கும் ஒரே மொழிதான். இருந்தும் எதைக் கேட்பது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் ஒருவர் கையிலேயே இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு மொழிபெயர்ப்பும் சேர்கிறது. சாட்சி சொல்ல வந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். “அன்னிக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்ட்டு வர்றேன், மழை வேற...” என்று அவர் தொடங்குவார். வழக்கறிஞருக்கு வேண்டியது அந்த ஆளைப் பார்த்தாரா இல்லையா என்பது. “பாட்டி, ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க” என்பார் மொழிபெயர்ப்பாளர். ஆனால் பாட்டி மழையைச் சொன்னால்தான் முகம் சரியாகத் தெரியாமல் போன காரணம் விளங்கும். “ஆமா” என்று முடிப்பார். பதிவேட்டில் மழை இருக்காது.

பாட்டியாவது மொழிபெயர்ப்பாளரோடு நிற்கிறார். எனக்குக் கவலை அவருடைய பேரனைப் பற்றித்தான். பள்ளியில் மலாய் படித்தவன், வேலையிடத்தில் மலாய் பேசுபவன், “எனக்கு வேணாம், தெரியும்” என்று சொல்லிவிடுகிறான். சந்தையில் பேசும் மலாய் வேறு, குற்றச்சாட்டை வாசிக்கும் மலாய் வேறு. பாதி புரிந்த கேள்விக்குத் தலையாட்டினாலும் அது பதில்தான். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் வரும் சாட்சியத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது மலேசியச் சட்டம். உங்கள் வீட்டில் யாருக்காவது நீதிமன்ற அழைப்பாணை வந்தால், மலாய் தெரிந்தவராக இருந்தாலும் முதல் நாளே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.