'எட்டு' போட்டால் மட்டும் போதுமா? டூ வீலர் லைசென்ஸ் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாலையில் மதரஸாவிலிருந்து அழைத்து வருவது, வயதான பெற்றோரை மருத்துவரிடம் கூட்டிச் செல்வது என்று நம் வீட்டு வேலைகளில் பாதி ஸ்கூட்டரில்தான் நடக்கிறது. கணவர் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் இந்தப் பொறுப்பு முழுவதும் பெண்களுடையது. ஆனால் வண்டி ஓட்டத் தெரிந்த பலரிடமும் லைசென்ஸ் இல்லை. காரணம் கேட்டால், "எட்டு போட வராது" என்பார்கள். இல்லையென்றால், "புரோக்கரிடம் சொன்னால் முடித்துத் தருவார்" என்பார்கள்.

முறையாகப் பயிற்சி எடுத்தால் இந்தத் தேர்வு கடினமானதே இல்லை. அதைவிட முக்கியம், தேர்வுக்காகப் பழகுவதுதான் பின்னாளில் சாலையில் நம் உயிரைக் காக்கிறது.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால்...

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவருக்கு அபராதம் 5,000 ரூபாய். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு.

அபராதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. விபத்து நடந்து மற்றொருவர் பாதிக்கப்பட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் அவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க முடியும். லைசென்ஸ் இல்லாதவர் என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால் இந்த நிலைதான். 2004-ல் சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. பல லட்ச ரூபாய் இழப்பீடு ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

முதல் படி எல்.எல்.ஆர்.

18 வயது நிறைந்தவர்கள் 'பரிவாகன்' இணையதளத்தில் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 40 வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் படிவம் 1ஏ சான்றிதழ் வாங்க வேண்டும். போக்குவரத்துக் குறியீடுகள், சாலை விதிகள் பற்றிய கேள்விகளில் 60 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொன்னால் எல்.எல்.ஆர். கிடைத்துவிடும்.

விண்ணப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கியர் இல்லாத வண்டி, கியர் உள்ள வண்டி இரண்டும் தனித்தனி வகைகள். ஸ்கூட்டருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவர் கியர் பைக்கை ஓட்டக் கூடாது.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பழகுவது சட்டப்படியும் தவறு, ஆபத்தும்கூட.

எட்டு ஏன் போடச் சொல்கிறார்கள்?

வேகமாகப் போகும் வண்டி தானாகவே நிலையாக நிற்கும். மெதுவாகப் போகும்போதுதான் ஓட்டுபவரின் திறமை தெரியும். கடைத்தெருவில் ஊர்ந்து போவது, பள்ளி வாசலில் கூட்டத்துக்கு நடுவே திரும்புவது, சந்துக்குள் எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவது என்று நாம் அன்றாடம் செய்வதெல்லாம் மெதுவான ஓட்டம்தான். எட்டு வடிவப் பாதை அதைத்தான் சோதிக்கிறது. ஒரு வட்டம் இடது பக்கம், ஒரு வட்டம் வலது பக்கம். இடையில் காலைத் தரையில் ஊன்றக் கூடாது.

பழகும் முறை:

• ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் இரண்டு செங்கற்களைச் சுமார் 25 அடி இடைவெளியில் வையுங்கள். அவற்றைச் சுற்றி எட்டு போடுங்கள். கை பழகப் பழக இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

• முன்சக்கரத்தையோ தரையையோ பார்க்காதீர்கள். கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். வளைவில் நுழையும்போதே தலையைத் திருப்பி, அடுத்துப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். எட்டு வராதவர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானது.

• ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, இடது கை பிரேக்கை லேசாகத் தொட்டபடி வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். கியர் வண்டியில் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, வலது கால் பிரேக்கால் கட்டுப்படுத்துங்கள்.

• ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தாதீர்கள். வண்டி சாய்ந்துவிடும்.

• வேகம் மிகவும் குறைந்து வண்டி தள்ளாடினால், காலை ஊன்றுவதற்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிக லேசாகக் கூட்டுங்கள். நிமிர்ந்துவிடும்.

தொடர்ந்து பத்து முறை கால் ஊன்றாமல் எட்டு போட முடிந்தால் நீங்கள் தயார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கை சைகைகள்

எட்டை நன்றாகப் போட்டவர்கள்கூட சைகையில் தடுமாறுவதுண்டு. எல்லாச் சைகைகளும் வலது கையால்தான். வலது பக்கம் திரும்ப, கையை நேராக நீட்ட வேண்டும். இடது பக்கம் திரும்ப, நீட்டிய கையைக் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழற்ற வேண்டும். வேகத்தைக் குறைக்க, உள்ளங்கை கீழே பார்க்கும்படி நீட்டி மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முழங்கையை மடக்கி முன்கையை நேராக மேலே உயர்த்த வேண்டும். வலது கையை எடுத்தால் ஆக்சிலேட்டர் விடுபட்டு வண்டி வேகம் குறையும். அதனால் நேரான பாதையில் ஒரு கையால் வண்டியை நிலையாகப் பிடித்துப் பழக வேண்டும்.

சகோதரிகள் கவனத்துக்கு

புர்காவின் கீழ்விளிம்பும் துப்பட்டாவின் முனையும் சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகள் மிகக் கொடுமையானவை. உட்கார்ந்த பின் கீழ்விளிம்பைத் திரட்டி காலுக்கடியில் அடக்கிக்கொள்ளுங்கள். ஓட்டும்போது தரையைத் தொடாத உயரமுள்ள புர்காவும், உள்ளே கால்சட்டையும் பாதுகாப்பு. துப்பட்டாவை உள்ளே செருகிவிடுங்கள். பின்சக்கரத்தை மறைக்கும் சேலை கார்டைக் கழற்றாதீர்கள். பின்னால் உட்கார்பவருக்கும் இது பொருந்தும்.

ஹிஜாப் அணிந்திருப்பதால் ஹெல்மெட்டிலிருந்து விலக்கு கிடையாது. ஊசி குத்தாத மெல்லிய ஹிஜாபை மடிப்பு விழாமல் கட்டி, அதன்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டை அணிந்து, தாடைப் பட்டையை மாட்ட வேண்டும். ஹெல்மெட் வாங்கப் போகும்போதே ஹிஜாபுடன் அணிந்து அளவு பாருங்கள். இதே உடையில், இதே ஹெல்மெட்டுடன் பயிற்சி எடுங்கள். தேர்வு நாளில் எதுவும் புதிதாகத் தெரியாது.

தேர்வு நாள்

எல்.எல்.ஆர்., ஆர்.சி., நடப்பிலுள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பழகிய அதே வண்டியைக் கொண்டுபோவது நல்லது. முந்தைய நாளே பிரேக், ஹாரன், இண்டிகேட்டர், கண்ணாடிகள், டயர் காற்று அனைத்தையும் சரிபாருங்கள். நம் ஊர்களில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர்தான் தேர்வு நடத்துவார். அவர் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு நிதானமாகக் கிளம்புங்கள். தேர்வில் வேகத்துக்கு மதிப்பெண் இல்லை.

தேறாவிட்டால் கலங்க வேண்டாம். 7 நாள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறையும் தேறாவிட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு குறிப்பு: லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால், புதுப்பிப்பதற்கு மீண்டும் ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போதே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை

ரமளான் இரவுகளில் மூன்று பேராக வண்டியில் சுற்றும் சிறுவர்களை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். வண்டிச் சாவி அவர்களுக்கு வீட்டிலிருந்துதான் கிடைக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. 16 வயதில் ஓட்டலாம் என்ற சலுகை 50 சி.சி.க்கு மிகாத வண்டிகளுக்கு மட்டுமே. எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களிலும், மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட்டுக்கும் குறைந்தவற்றுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை.

காசு கொடுத்துத் தேர்வைக் கடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த வழியில் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். லஞ்சம் மார்க்கம் தடுத்த காரியம் என்பது நமக்குத் தெரிந்ததே. அதோடு, எட்டு போடத் தெரியாதவரின் கையில் அட்டை மட்டும் இருந்தால், பள்ளி வாசலில் குறுக்கே ஓடிவரும் குழந்தையை அந்த அட்டை காப்பாற்றாது. 30 நாள், தினமும் அரை மணி நேரம். இவ்வளவு பயிற்சி போதும், தைரியமாகத் தேர்வுக்குப் போகலாம், இன்ஷா அல்லாஹ்.