தொட்டியில் பூக்கும் புற்றுநோய் மருந்து

மொட்டைமாடித் தொட்டியிலும் கோயில் நந்தவனத்திலும் வருஷம் முழுக்கப் பூக்கும் செடி நித்யகல்யாணி. சுடுகாட்டு ஓரங்களில் தானாகவே மண்டிக் கிடப்பதால் சுடுகாட்டுப் பூ என்றும் சொல்வார்கள். இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ ஐந்து இதழ்கள். பளபளக்கும் கரும்பச்சை இலை. கசப்புக்குப் பயந்து ஆடுகூட வாய் வைக்காது.

இதன் பூர்வீகம் மடகாஸ்கர். அழகுக்காகப் பல நாடுகளுக்குப் போன செடி, போன இடங்களில் கைமருந்தாகவும் ஆனது. சர்க்கரை நோய்க்கு நம் ஊரில் பூவைக் கஷாயம் வைத்தார்கள். ஜமைக்காவில் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள்.

அந்த ஜமைக்கா இலைகள் 1952-ல் கனடாவுக்கு வந்தன. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரையில் மாற்றமில்லை. ஊசி வழியே செலுத்தியபோதோ எலிகளின் வெள்ளை அணுக்கள் மளமளவெனக் குறைந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! அந்தத் திசையில் தேடிய நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையில் இன்றைக்கும் அது இன்றியமையாதது.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடுபவை நுண்குழல்கள். இந்த மருந்துகள் அந்தக் குழல்கள் உருவாகாமல் தடுத்துவிடும். பங்கீடு பாதியில் நிற்க, செல் மடிகிறது. ஓயாமல் பிரியும் புற்றுச் செல்களுக்கே முதல் அடி.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். காரணம் இலையின் அமைப்பிலேயே இருக்கிறது. வின்பிளாஸ்டின் உருவாக கேதரந்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருள்கள் சேர வேண்டும். முதலாவது இலையின் மேற்பரப்பு மெழுகில் படிந்திருக்கிறது. இரண்டாவது உள்ளேயுள்ள செல்களில் அடைபட்டிருக்கிறது. இரண்டும் சந்திப்பதே அரிது. 2022-ல் விஞ்ஞானிகள் இவ்விரண்டையும் ஈஸ்டில் தயாரித்து, ஆய்வகத்தில் இணைத்துக் காட்டினார்கள்.

கைவைத்தியம் சுட்டிக்காட்டிய செடி சரிதான், நோய்தான் வேறு. ஆனால் மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்கில், ரத்த அணுக்களை எண்ணி, நரம்புகள் பாதிக்கப்படுகின்றனவா என்று கண்காணித்துக் கொடுக்கும் மருந்து இது. வீட்டில் வைக்கும் கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே கூடாது. குழந்தைகள் இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நித்யகல்யாணியைத் தாராளமாக வளருங்கள். மருந்தாக அதைக் கொடுக்கும் வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.