மார்பகப் புற்றுக் கணக்கில் நம் பெண்கள் எங்கே?

செந்தூலில் ஒரு பெண் மார்பில் கட்டி என்று ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனைக்குப் போகிறார். சதையைக் கிள்ளியெடுத்துச் சோதிப்பார்கள். புற்றுநோய் என்று உறுதியானால் அறிக்கையில் 'ஹெர்2' என்றொரு வரி வரும். பக்கத்தில் 0, 1+, 2+, 3+ இவற்றில் ஒன்று. 3+ என்றால் அந்தப் புரதம் உயிரணுவின் மேல் மிதமிஞ்சிக் கிடக்கிறது. 2+ என்றால் இழுபறி. மரபணுப் பிரதிகளையே எண்ணும் இன்னொரு சோதனை செய்ய வேண்டும்.

'வளர்' என்ற சமிக்ஞையை உயிரணுவுக்குள் கடத்துவது ஹெர்2-இன் வேலை. 17ஆம் குரோமோசோமில் உள்ள அதன் மரபணு பெருகிவிட்டால், யாரும் சொல்லாமலே உத்தரவு போய்க்கொண்டிருக்கும். அதைத் தடுக்கும் ஹெர்செப்டின் மருந்துக்கு 1998-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

எல்லாக் கட்டியும் இவ்வளவு எளிதில் பிடிபடாது. ஒருவருக்கு பிஐகே3சிஏ மரபணு பழுதாகியிருக்கும், இன்னொருவருக்கு பிடென் காணாமல் போயிருக்கும். இரண்டும் குலைப்பது ஒரே சமிக்ஞைப் பாதையைத்தான். பத்துப் பேரை மட்டும் பார்த்தால் பத்து நோயாகத் தெரியும்; ஆயிரக்கணக்கில் மரபணுக்களைப் படித்துக் கணினியில் சேர்த்தால்தான் பொதுப் பாதை புலப்படும். 2006-இல் தொடங்கிய அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டம் அதைத்தான் செய்தது. 2018-இல் வந்த ஆய்வில் 33 வகைப் புற்றுநோய்களின் 9,125 கட்டிகளை அலசினார்கள். 89 விழுக்காட்டில், பத்து முக்கியப் பாதைகளில் ஒன்றாவது பழுதாகியிருந்தது.

ஆனால் அந்தக் கட்டிகளைத் தந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். நம் ஊர்க் கட்டிகளும் அப்படித்தானா? சுபாங் ஜெயாவிலுள்ள 'கேன்சர் ரிசர்ச் மலேசியா' 560 மலேசியக் கட்டிகளை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டது. ஹெர்2 வகை இங்கே கூடுதல். பழுதான உயிரணுவுக்குப் பிரேக் போடும் டிபி53 மரபணு கெட்டிருப்பதும் கூடுதல். கட்டிக்குள் நோய் எதிர்ப்பு அணுக்களின் தடயமும் அப்படியே; எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் நமக்குக் கூடுதலாக உதவுமா என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கிறது.

இதிலும் ஒரு சிக்கல். அந்த 560 பேரில் பெரும்பாலோர் சீனர். மலேசியாவில் மார்பகப் புற்றுநோய் விகிதத்தில் சீனருக்கு அடுத்த இடம் இந்தியப் பெண்களுக்கு. 'ஆசியர்' என்று பொதுவாகச் சொல்லி நம்மையும் அதில் அடக்கிவிடுவதை நான் ஏற்கத் தயாரில்லை. நம் கட்டிகளும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும். அதற்கு அறுவைக்குப் பின் மிஞ்சும் துணுக்கை ஆய்வுக்குத் தரச் சம்மதக் கையெழுத்து தேவை. படிவம் நீட்டப்பட்டால் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுவார்களா, பின்னாளில் விலக முடியுமா என்று கேட்டுவிட்டே கையெழுத்திடலாம்.