திராட்சைப் பந்தலும் கால்பந்து அரங்கமும்

2010ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி நடைபெற்ற ஜோகன்னஸ்பர்க் அரங்கம், வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஒரு பெரிய சுரைக்குடுவை போலத் தோன்றும். 2022இல் கத்தாரில் போட்டிகள் நடந்த அல் துமாமா அரங்கமோ, அரபு நாட்டு ஆண்கள் அணியும் தொப்பியின் வடிவில் அமைந்தது. இவற்றைக் கண்டதும் நமக்கும் ஓர் ஆசை எழுவது இயல்பு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், பத்தாயிரம் பேர் அமரக்கூடிய புதிய கால்பந்து அரங்கம் ஒன்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன வடிவம் கொடுக்கலாம்?

"திராட்சைக் குலை!" என்று உங்களில் பலர் உடனே சொல்வீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டதல்லவா? ஆனால் சற்றுப் பொறுங்கள். சிமெண்டில் ஒரு குலை செய்து முகப்பில் பதிப்பதென்றால் அதை எந்த ஊரிலும் செய்யலாம். ஓர் அரங்கம் அந்த மண்ணுக்கே உரியதாகத் தோன்ற வேண்டுமானால், அங்கு வீசும் காற்றுக்கும், அங்கு காயும் வெயிலுக்கும், அங்குள்ள நிலத்துக்கும் அது விடையாக அமைய வேண்டும். ஆகவே குலையை விட்டுவிட்டு, குலையைத் தாங்கும் பந்தலைக் கவனிப்போம்.

பந்தலில் உள்ள இயற்பியல்

சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் சென்றவர்கள் திராட்சைப் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக ஊன்றிய தூண்கள், அவற்றின் தலைகளை இணைத்து, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள், அவற்றின்மேல் கொடி. இவ்வளவுதான் அமைப்பு. விட்டமும் இல்லை, உத்திரமும் இல்லை.

மெல்லிய கம்பி எப்படி இவ்வளவு சுமையைத் தாங்குகிறது? ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து இரு முனைகளையும் உள்நோக்கி அமுக்குங்கள், உடனே வளைந்துவிடும். அதே ஈர்க்கை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. மெல்லிய பொருள்கள் அமுக்கத்துக்கு வளைந்து கொடுக்கும். இழுப்பையோ நன்கு தாங்கும். பந்தலில் இழுவிசையைக் கம்பியும், அமுக்கவிசையைத் தூணும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இப்போது ஒரு கணக்கு. இரு தூண்களுக்கு இடையே 4 மீட்டர் என்று கொள்வோம். கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் 50 நியூட்டன் சுமை, அதாவது ஏறத்தாழ 5 கிலோகிராம் எடை, தொங்குகிறது. கம்பி நடுவில் 5 சென்டிமீட்டர் தொய்ந்திருக்கிறது. அப்போது கம்பி தூணை இழுக்கும் கிடைமட்ட விசை:

சுமை × (இடைவெளி)² ÷ (8 × தொய்வு) = 50 × 16 ÷ (8 × 0.05) = 2000 நியூட்டன்.

வியப்பாக இல்லையா? கம்பியில் தொங்கும் மொத்தச் சுமை 20 கிலோகிராம்தான். ஆனால் இழுப்போ 200 கிலோகிராம் எடைக்குச் சமம். தொய்வு 10 சென்டிமீட்டராக இருந்தால் இழுப்பு பாதியாகிவிடும். கம்பி நேராக நேராக இழுப்பு பெருகும்.

நடுவிலுள்ள தூண்களை இரு பக்கக் கம்பிகளும் சமமாக இழுப்பதால் அவை சாய்வதில்லை. ஓரத் தூண்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே மின்கம்பத்துக்கு ஸ்டே கம்பி கட்டுவது போல, ஓரத் தூணிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு கம்பியை இழுத்து, மண்ணில் புதைத்த கல்லோடு பிணைத்துவிடுகிறார்கள். பந்தலின் உயிர் அந்தக் கல்லில்தான் இருக்கிறது.

இதே தத்துவத்தில் 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் அரங்கின் கூரை எழுந்தது. குந்தர் பெனிஷ், ஃபிரை ஓட்டோ என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள், உயர்ந்த கம்பங்களிலிருந்து எஃகுக் கம்பி வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒளி புகும் தகடுகளைப் பொருத்தினர். சோப்புப் படலங்கள் தாமாகவே எந்த வடிவத்தை மேற்கொள்கின்றன என்று ஓட்டோ நெடுங்காலம் ஆராய்ந்தவர்.

காற்று கூரையைத் தூக்குமா?

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரைக் கடந்து உள்ளே புகும் வாயில்களில் கம்பம் கணவாயும் ஒன்று. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவை மற்றவை. குறுகிய வழியில் புகும்போது காற்றின் வேகம் கூடுகிறது. தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதற்கு இதுவே காரணம்.

காற்றின் அழுத்தம் = ½ × அடர்த்தி × (வேகம்)². வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிநூல் மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டர் என்ற அடிப்படைக் காற்று வேகத்தைக் குறித்துள்ளது. அடர்த்தியை 1.2 எனக் கொண்டால், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 913 நியூட்டன் வரும். இது 93 கிலோகிராம் எடைக்குச் சமம். கூரை வேயும் தகரமோ சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோகிராம்தான். பார்வையாளர் அரங்கின் முன்பக்கம் திறந்திருப்பதால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே விரைந்து செல்லும் காற்று அதை உறிஞ்சும். இந்த அழுத்தத்தில் ஒரு பகுதி செயல்பட்டாலே தகரம் பறந்துவிடும். எனவே அரங்கக் கூரையைத் தாங்கி நிறுத்தினால் மட்டும் போதாது. இறுக்கிக் கட்டவும் வேண்டும். இதற்காகவே கம்பிக் கூரைகளைக் குதிரைச் சேணம் போல இரு பக்கமும் வளைத்து அமைக்கிறார்கள். ஒரு திசைக் கம்பிகள் எடையைத் தாங்கும்; குறுக்குத் திசைக் கம்பிகள் கூரை மேலெழாமல் தடுக்கும்.

சென்னை சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்காக எழுந்த அரங்குகளில் இழுத்துக் கட்டிய வெண்படலக் கூரைகளைக் காணலாம். கடற்காற்று உள்ளே வருவதற்கு அரங்குகளுக்கு நடுவே இடைவெளியும் விடப்பட்டது. சென்னைக்குக் கடற்காற்று விருந்தாளி. கம்பத்துக்குக் கணவாய்க் காற்றோ முரட்டு விருந்தாளி. தென்மேற்கில் முழுச் சுவர் எழுப்பினால் காற்று அதன்மேல் ஏறி, மறுபுறம் சுழல்களாக மைதானத்தில் விழும். பாதி இடைவெளி விட்ட தடுப்பே காற்றின் வேகத்தை அமைதியாகக் குறைக்கும். தோப்பின் ஓரத்து மர வரிசை செய்யும் வேலையும் இதுதான்.

வெயிலும் மலையும்

மாலை ஆட்டத்தில் மேற்கு நோக்கி நிற்கும் கோல்காப்பாளரின் கண்ணைச் சூரியன் கூசச் செய்யும். ஆகவே மைதானம் ஏறக்குறைய வடக்கு தெற்காக நீண்டிருக்க வேண்டும். முக்கியப் பார்வையாளர் அரங்கு மேற்கில் இருந்தால், மாலை வெயில் அவர்களின் முதுகுப் பக்கம் இருக்கும்.

இங்கு மலையும் உதவிக்கு வருகிறது. மேற்கே 3 கிலோமீட்டர் தொலைவில் 500 மீட்டர் உயர மலை இருப்பதாகக் கொண்டால், அதன் உச்சி கண்ணுக்கு ஏறத்தாழ 9½ பாகை உயரத்தில் தெரியும். சூரியன் மணிக்கு 15 பாகை இறங்குவதால், பஞ்சாங்கம் சொல்லும் நேரத்துக்குச் சுமார் 38 நிமிடம் முன்பே அது மலைக்குப் பின்னால் மறையும். வெயில் தணிந்த ஆட்டம் முன்னதாகவே கிடைக்கும். விளக்குகளையும் முன்னதாகவே ஏற்ற வேண்டிவரும்.

மலையையே அரங்கின் அங்கமாக்கிய ஊர் போர்ச்சுகல் நாட்டின் பிராகா. எடுவார்டோ சூட்டோ டி மோரா வடிவமைத்து 2003 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த அரங்கம் ஒரு கல்குவாரியில் அமைந்தது. இரு நீளப் பக்கங்களில் மட்டுமே இருக்கைகள். ஒரு கோலுக்குப் பின்னே செங்குத்துப் பாறை. மறுமுனையில் திறந்த வெளி. எதிரெதிர்க் கூரைகளை மைதானத்தின் மேலாக எஃகுக் கம்பிகள் இணைக்கின்றன. குடைந்தெடுத்த கருங்கல்லை உடைத்துக் கான்கிரீட்டில் சேர்த்தார்கள்.

நாம் மலையைக் குடைய வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை காடும் வனவிலங்கும் நீரூற்றும் உடையது. வயலையும் தொட வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட மைதானத்துக்கே ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். அரங்கும் பாதையும் சேர்ந்தால் அது பல மடங்காகும். சாகுபடிக்கு உதவாத மேட்டுநிலத்தைத் தேர்ந்து, பிராகாவிடமிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்குவோம். இரு முனைகளையும் திறந்து விடுவோம். அங்கு மலை தெரியும். அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு.

1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் 97 பேர் உயிரிழந்தனர். கூட்டமும் நீரைப் போல ஓடுவது. குழாய் குறுகினால் அழுத்தம் ஏறும். பிரிட்டனின் அரங்கப் பாதுகாப்புக் கையேட்டின்படி, ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 66 பேர்வரை செல்லலாம். எல்லோரும் 8 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். பத்தாயிரம் பேருக்கு 10,000 ÷ (66 × 8), அதாவது மொத்தம் 19 மீட்டர் அகலப் படிகள் தேவை. ஒரு வழி அடைபட்டாலும் மற்றவை போதுமானவையாக இருக்க வேண்டுமென்பதால் இதற்கு மேலும் அமைக்க வேண்டும். எவ்வளவு அழகிய வடிவமானாலும் இந்தக் கணக்கில் தேறாவிட்டால் அதைக் கைவிடத்தான் வேண்டும்.

இப்போது நம் அரங்கத்தை மனக்கண்ணில் பாருங்கள். கல்தூண் வரிசைகள், இழுத்துக் கட்டிய கம்பிக் கூரை, ஓரங்களில் மண்ணைப் பற்றிய இழுகம்பிகள், காற்றைச் சல்லடையிடும் சுவர், இரு முனையிலும் மலை. எங்கும் ஒரு திராட்சைக் குலைகூட இல்லை. ஆயினும் பார்த்தவுடனே கம்பத்துக்காரர் அதைத் தம் ஊர்ப் பந்தல் என்பார்.

நீங்களே செய்து பார்க்க ஒரு சோதனை: பள்ளி ஆய்வகத்துச் சுருள்வில் தராசு ஒன்றைச் சன்னல் கம்பியில் மாட்டி, அதில் ஓர் உறுதியான நூலைக் கட்டுங்கள். நூலின் நடுவில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, மறுமுனையைக் கையால் இழுங்கள். தொய்வு குறையக் குறையத் தராசு காட்டும் அளவை வரைபடத்தாளில் குறித்து வாருங்கள். நூலை முற்றிலும் நேராக்க முடிகிறதா? முடியாவிட்டால் ஏன் என்று வரைபடமே உங்களுக்குச் சொல்லும்.