அரை நாள் இடைவெளி

2001 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், இறைச்சிக்கூடத்துக்கு வந்த பன்றிகளிடம் கொப்புளங்கள் தெரிந்தன. நம் ஊரில் மாடு வளர்ப்போர் அனைவரும் அறிந்த கோமாரி நோய்தான் அது. அதற்குள் ஹெக்சம், லாங்டவுன் சந்தைகள் வழியே நோயுற்ற செம்மறிகள் பல மாவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன.

இந்த வைரஸின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழையில் எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் எட்டாயிரத்துச் சொச்சம் எழுத்துகள். ஒரு வார இதழின் சில பக்கங்களில் அச்சிட்டு முடித்துவிடலாம். அவ்வளவு சிறிய ஓலை, காற்றேறிக் கடல் தாண்டுகிறது! 1981இல் பிரான்ஸின் பிரிட்டனி கரையிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வைட் தீவின் மாடுகளைத் தொற்றியது. பன்றிகள்தான் இதற்குத் துணை. நோயுற்ற பன்றியின் மூச்சில் வெளியேறும் வைரஸ், மாட்டின் மூச்சில் வருவதைப் போலப் பல நூறு மடங்கு.

எதிரி இப்படிப்பட்டது என்பதால் அரசு கணித அறிஞர்களை அழைத்தது. இம்பீரியல் கல்லூரி, கேம்பிரிட்ஜ், எடின்பரோ குழுக்கள் நாட்டின் பண்ணைகளைக் கணினி வரைபடத்தில் புள்ளிகளாக்கின. எத்தனை மாடு, எத்தனை ஆடு, அடுத்த பண்ணை எவ்வளவு தூரம் என்பதைக் கொண்டு நோய் அடுத்து எங்கே தாவும் என்று கணித்தன. விடை கடுமையாக இருந்தது: நோய் கண்ட பண்ணையில் 24 மணி நேரத்துக்குள், எல்லையைத் தொடும் பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள் கால்நடைகளைக் கொல்ல வேண்டும். மார்ச் இறுதியில் அதுவே ஆணையாயிற்று.

பூசல் வெடித்தது இங்கேதான். 'என் மந்தைக்கு நோய் இல்லையே' என்று விவசாயிகள் வாயிற்கதவைப் பூட்டினார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். நடுவே ஆறோ குன்றோ இருந்தால் ஆபத்துக் குறையும், அது நேரில் பார்ப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும் என்றார்கள் கால்நடை மருத்துவர்கள். பக்கத்துப் பண்ணை அழிப்பு வேலை செய்யத் தொடங்கும் முன்பே நோய் உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று சிலர் வாதிட்டார்கள். டெவனில், தாயின் சடலத்தருகே உயிரோடு கிடைத்த ஃபீனிக்ஸ் என்ற வெள்ளைக் கன்று செய்தியானதும் ஏப்ரலில் விதி தளர்ந்தது. செப்டம்பர் 30 அன்று கடைசி நோய்த்தொற்று பதிவானபோது, நோய் உறுதியான இடங்கள் 2,026. விலங்குகள் கொல்லப்பட்ட பண்ணைகளோ ஏறத்தாழ 10,000; மாண்டவை 60 லட்சத்துக்கும் மேல்.

இத்தனை வாதத்துக்கும் அடியில் ஒரே கேள்வி கிடந்தது. நோயுற்ற மாடு எந்த மணியிலிருந்து பிற மாட்டுக்கு நோயைத் தரும்? கொப்புளம் தெரிவதற்கு முன்பே தரும் என்றால், காத்திருப்பது ஆபத்து. பின்னர்தான் என்றால், காத்திருந்து பார்க்க இடமுண்டு. இதை யாரும் நேரடியாக அளந்ததில்லை.

2011இல்தான் இங்கிலாந்தின் பிர்பிரைட் கால்நடை நோய் ஆய்வகத்தாரும் எடின்பரோ அறிஞர்களும் அளந்தார்கள். வழி எளியது, ஆனால் நுட்பமானது. நோயேற்றிய மாட்டோடு நலமான மாட்டைக் குறித்த நாள்களில் சில மணி நேரம் மட்டும் சேர்த்து வைத்தார்கள்; பிறகு பிரித்து, எதற்கு எப்போது நோய் தொற்றியது என்று பார்த்தார்கள். விடை வியப்பூட்டியது. ஒரு மாடு நோயைப் பரப்பும் காலம் சராசரியாக 1.7 நாள்தான். அதுவும் அறிகுறி தெரிந்து அரை நாள் கழித்தே தொடங்குகிறது. அதற்கு முன்பே வைரஸைச் சோதனையில் கண்டுவிடலாம்.

செம்மறியில் அறிகுறி மங்கலாகவே தெரியும். எனவே இந்த எண்ணை அதற்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மாடுகளைப் பொறுத்தவரை, கொல்லுமுன் சோதித்துப் பாருங்கள் என்று கேட்ட விவசாயியின் பக்கம் அறிவியல் நியாயம் இருந்தது. தொழுவத்திலேயே சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் சோதனைக் கருவிகளுக்கு அரசுகள் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும். நோய் வந்தபின் அதற்கு அவகாசம் இராது.