ஒற்றப்பாலம் தேர்ந்தெடுத்தவர்கள்

வாளையாறு தாண்டிப் பாலக்காடு வழியாக மேற்கே போகும் ரயில், ஷொரணூரை எட்டுவதற்குச் சற்று முன்பு ஒற்றப்பாலத்தில் நிற்கும். பாரதப்புழைக் கரையில் உள்ள இந்த ஊர் 1956 வரை நம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்த பகுதிகளின் காங்கிரஸ்காரர்கள் முதன்முதலாக ஒன்றுகூடியது, 1921 ஏப்ரலில், டி. பிரகாசம் தலைமையில், இங்கேதான். 1977 தேர்தலிலிருந்து 2008 மறுவரையறை வரை இந்த ஊர்ப் பெயரில் ஒரு மக்களவைத் தொகுதியும் இருந்தது. பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி.

தனித்தொகுதி என்றாலே கட்சி கைகாட்டும் ஆளுக்கு ஓட்டுப் போடும் இடம் என்று இளக்காரமாகப் பேசுவோர் இன்றும் உண்டு. அவர்கள் ஒற்றப்பாலத்தின் கதையை அறிய வேண்டும்.

1980இல் இங்கு வென்றவர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.கே. பாலன். 1984இல் அவரை எதிர்த்து காங்கிரஸ் நிறுத்தியவர் கட்சி அரசியலே பழகாதவர். கோட்டயம் மாவட்டம் உழவூரில் கூரைவீட்டில் பிறந்து, லண்டனில் ஹெரால்ட் லாஸ்கியிடம் படித்து, சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதராக இருந்த கே.ஆர். நாராயணன். இந்திரா காந்தி கேட்டுக்கொண்டதால் அரசியலுக்கு வந்தவர். அவர் ஜெயித்தார். 1989, 1991 தேர்தல்களில் 'சுவாதி திருநாள்' படத்தை இயக்கிய லெனின் ராஜேந்திரனை மார்க்சிஸ்ட் கட்சி களமிறக்கியது. இரண்டு முறையும் நாராயணனே வென்றார்.

ராஜீவ் ஆட்சியில் இணையமைச்சராக இருந்தவருக்கு 1991இல் மந்திரி பதவி கிடைக்கவில்லை. கம்யூனிஸ்டுகளிடம் சாய்வுள்ளவர் என்பதுதான் காரணம் என்று அன்றைய கேரள முதல்வர் கருணாகரன் அவரிடம் சொன்னாராம். மூன்று முறையும் நான் தோற்கடித்தது கம்யூனிஸ்ட் வேட்பாளரைத்தானே என்றார் நாராயணன். நியாயமான பதில்! மறுவருடமே துணைக் குடியரசுத் தலைவர். 1997இல் நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவர். அவர் மக்களின் ஓட்டு வாங்கி நாடாளுமன்றம் போனது இந்த ஒரே தொகுதியிலிருந்துதான்.

அதற்காகத் தொகுதி காங்கிரஸின் சொத்தாகிவிடவில்லை. பாபர் மசூதி இடிப்புக்குப் பின், 1993இல் நடந்த இடைத்தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். சிவராமனை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். 1996 முதல் 2004 வரை தொடர்ந்து நான்கு தேர்தல்களில் அதே கட்சியின் எஸ். அஜயகுமார்.

2008 மறுவரையறையில் கேரளத்தின் 20 இடங்கள் 20ஆகவே நின்றன. ஆனால் முகுந்தபுரம், மூவாற்றுப்புழை, அடூர், சிறயின்கீழ், மஞ்சேரியோடு ஒற்றப்பாலமும் பட்டியலிலிருந்து போயிற்று. நம் பக்கம் புதுக்கோட்டையும் பெரியகுளமும் போனது போல. ஒற்றப்பாலம் இப்போது பாலக்காடு மக்களவைத் தொகுதிக்குள் ஒரு சட்டமன்றத் தொகுதி. தனித்தொகுதி ஆலத்தூருக்கு மாறியது. அங்கே 2019இல் ரம்யா ஹரிதாஸ், கேரளத்திலிருந்து மக்களவைக்குப் போன இரண்டாவது தலித் பெண். 2024இல் இடதுசாரிகளுக்கு மாநிலத்தில் கிடைத்த ஒரே இடமும் ஆலத்தூர்தான்.